இரண்டு போத்தல் தேயிலைச் சாறு

மஹ்ரூபின் கடைக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி கேட்டு யாரும் வந்ததில்லை. கற்பிட்டிப் பாதையில், மாம்புரிக் கடற்கரைக்கு இறங்கும் மணல் ஒழுங்கைக்கு எதிரே இருந்தது கடை. கரைக்கு வந்த போட்காரர்களும், மிளகாயும் பீட்ரூட்டும் ஏற்றிப்போகும் லொறிக்காரர்களும் அங்கே நிற்காமல் போவது குறைவு. சாயம் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வாய், ஆறிப்போனதை வீணாக்க மனமில்லாமல் ஒரு வாய், கதைத்துக்கொண்டிருக்கிறவருக்குத் துணையாக ஒரு வாய் என்று மஹ்ரூப் காலையிலிருந்து பின்னேர அஸர் தொழுகை வரைக்கும் குடித்துக்கொண்டே இருப்பார். ஐம்பதைத் தாண்டியதும் வயிறு இடுப்புச் சாரத்துக்கு மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. பகல் சோறு தின்றால் கால் இரண்டும் ஈரவலை போல இழுபடும். கதிரையில் சாய்ந்தால் எழும்ப மனம் வராது.

"சும்மா களைப்புத்தான். இந்த வயசில களைக்காட்டி வேற எந்த வயசில களைக்கிற?" என்பார் மனைவி நஃபீஸாவிடம்.

கிளினிக்கில் அவருக்குப் பிரஷர் இருக்கிறது என்று சொல்லிக் குளிசை கொடுத்துக் கன காலமாகிவிட்டது. தலை இடித்த அன்றைக்கு ஒன்றைப் போடுவார். இடிக்காத நாளில் அது அலுமாரிக்கு மேலேயே கிடக்கும். கிளினிக் போவதென்றால் ஒரு முழுநாள் போய்விடும். வாங்குப் பலகையில் குந்தியிருந்து குந்தியிருந்து, கடைசியில் டொக்டர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் எழுதித் தருவார். அதை நினைத்தாலே மஹ்ரூபுக்குக் களைப்பு இன்னும் கூடும்.

மாரி ஓய்ந்த கையோடு சனசமூக நிலையத்தில் பிரஷர் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கோ ஒரு பல்கலைக்கழகத்து டொக்டர்மார் ஓர் ஆராய்ச்சி செய்கிறார்களாம். ஊர்ப்பக்கத்து வேலையைக் கவனிக்க அஸ்னா என்று புத்தளத்துப் பெண் ஒருத்தியை அனுப்பியிருந்தார்கள். தாதிப் படிப்பு முடித்த, வேகமாகப் பேசுகிற பிள்ளை. நஃபீஸா கடையைத் தான் பார்ப்பதாகச் சொல்லி மஹ்ரூபை விரட்டிவிட்டாள்.

அங்கே போனால், முன்வரிசையில் இன்னாசித்தம்பி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி அல்பொன்சா, ஓடிப்போய்விடாமல் காவல் இருப்பவள்போல.

இன்னாசித்தம்பிக்கும் மஹ்ரூபுக்கும் மீசை அரும்பாத காலத்திலிருந்தே பழக்கம். கடற்கரையில் இரண்டு வீடுகளுக்கும் இடையில் ஒரு தென்னந்தோட்டம்தான். ஒருவர் கடலுக்குப் போனார், மற்றவர் தேத்தண்ணிக் கேத்தலைப் பிடித்தார். ஆனால் இன்னாசி கரையேறியதும் முதல் தேத்தண்ணி மஹ்ரூபின் கையால்தான். பெருநாளைக்கு மஹ்ரூப் வீட்டுப் புரியாணியும், தலவில் தேவாலயத் திருவிழாவுக்கு இன்னாசி வீட்டுப் பலகாரமும் இரண்டு பக்கமும் போய்வரும். வயிறும் இரண்டு பேருக்கும் ஒரே காலத்தில்தான் வந்தது.

அஸ்னா இன்னாசியின் இடுப்பில் அளவுநாடாவைச் சுற்றினாள். அவர் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒளித்துக்கொண்டார்.

"மாமா, மூச்ச விடுங்க."

"விட்டா உங்கட நாடா காணாது மகள்."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அஸ்னா எல்லாரையும் பார்த்து விளங்கப்படுத்தினாள். "இது தனி ஒரு வருத்தமில்ல. வயித்தில கொழுப்பு, ரத்தத்தில சீனி, கொலஸ்ட்ரோல், பிரஷர், எல்லாம் ஒண்டட கைய ஒண்டு புடிச்சிக்கொண்டு வாறது. அதுக்கு வளர்சிதைமாற்றக் கோளாறு எண்டு பெரிய பேர் ஒண்டு இரிக்கி. பேர விடுங்க. தேயிலையில இருந்து எடுக்கிற சாறு, இப்பிடி உள்ளவங்கட பிரஷரக் குறைக்குமா எண்டு பாக்கத்தான் நாங்க வந்திரிக்கிற."

"தேயிலையா?" மஹ்ரூபுக்கு நம்ப முடியவில்லை. "புள்ள, நான் குடிச்சிரிக்கிற தேயிலைக்கு எனக்குப் பிரஷரே வந்திரிக்கக் கூடாது."

"நீங்க குடிக்கிறது சீனித்தண்ணி மாமா. தேயிலை அதுல நிறத்துக்குத்தான் இரிக்கி."

இன்னாசி தொடையில் அடித்துச் சிரித்தார். மஹ்ரூபுக்கு முகம் சுண்டிவிட்டது.

அஸ்னா தொடர்ந்தாள். "பாதிப் பேருக்குத் தேயிலைச் சாறு உள்ள கப்சூல். மத்தப் பாதிக்கு, பாத்தா அதே மாதிரி, உள்ளுக்கு வெறும் கோதுமை மா. யாருக்கு எது எண்டு எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. முடிஞ்ச பொறகுதான் தெரியவரும். ஒரு விசயம் மட்டும் நல்லாக் கேட்டுக்கொள்ளுங்க. கிளினிக்கில தாற குளிசய ஒருத்தரும் நிப்பாட்டக் கூடாது. இது அதுக்கு மேலதிகமா எடுக்கிறது, அதுக்குப் பதிலா இல்ல."

அல்பொன்சா கணவனின் முழங்கையில் ஒரு இடி இடித்தாள். "கேட்டதோ?"

"கேட்டது, கேட்டது," என்றார் இன்னாசி.

இருவரும் ஆளுக்கொரு வெள்ளைப் போத்தலோடு வீடு திரும்பினார்கள்.

அடுத்த தடவை பிரஷர் பார்த்தபோது இன்னாசிக்கு நன்றாகக் குறைந்திருந்தது. அதற்கடுத்த தடவையும் அப்படியே. மஹ்ரூபுக்கு ஊசிமுனை அளவும் அசையவில்லை. அஸ்னா இரண்டு கையிலும் மாறிமாறிப் பட்டியைச் சுற்றிப் பார்த்தாள். மூஞ்சியில் ஒன்றும் காட்டவில்லை.

அன்றைக்கு இன்னாசி கடைக்கு வந்த வரத்தே வேறு. கதிரையை இழுத்துப்போட்டு, காலுக்கு மேல் கால் போட்டு, பெரிய முதலாளியைப்போல உட்கார்ந்தார்.

"பாத்தியா மச்சான்? உடம்பே லேசாப் போச்சு. எஞ்சின ஒரு இழுவையில ஸ்டார்ட் பண்ணுறன் இப்ப."

மஹ்ரூப் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "உனக்கு விழுந்தது தேயிலை. எனக்கு மா. கேட்டாச் சிரிப்பாங்க. தேத்தண்ணிக் கடைக்காரனுக்கு மாக் குடுத்திரிக்காங்க."

பகிடியாகத்தான் தொடங்கினார். ஆனால் சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. அன்று காலையிலிருந்தே அவருக்குப் பின்தலை கனத்துக் கிடந்தது. எல்லாரும் எழும்பி நடக்கிற உலகத்தில் தான் மட்டும் மணலில் கால் புதைந்து நிற்பதுபோல ஒரு சோர்வு. இன்னாசி கூட்டாளியின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"உன்ட போத்தலக் கொண்டா."

"என்னத்துக்கு?"

"கொண்டாவன்."

மஹ்ரூப் போத்தலைக் கொண்டுவந்ததும் இன்னாசி தன் போத்தலை மடியிலிருந்து எடுத்தார். கடைப்பலகையில் இருந்த பணிஸ் அடுக்கும் தட்டைத் துடைத்து, இரண்டு போத்தலையும் அதில் கவிழ்த்தார். ஒரே நிறம், ஒரே அளவு. கையால் அளைந்து கலந்துவிட்டு, கரையில் மீன் பங்கு பிரிக்கிறதுபோல இரண்டாகப் பிரித்தார்.

"இனிச் சரி. என்ட தேயிலையில உனக்குப் பாதி, உன்ட மாவில எனக்குப் பாதி. உனக்குக் குறையட்டும். எனக்குக் கொஞ்சம் கூடினாலும் காரியமில்ல."

"அந்தப் புள்ளக்குத் தெரிஞ்சாக் கொன்று போடும்."

"நீ சொல்லாட்டி எப்பிடித் தெரியும்?"

மஹ்ரூப் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. தன் பங்கைப் போத்தலில் அள்ளிப்போட்டு மூடினார். அந்த நேரம் அவருக்கு நெஞ்சு குளிர்ந்துதான் இருந்தது.

சில கிழமைக்குப் பிறகு ஒரு விடியலில் இன்னாசி கடையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மச்சான், அந்த மூத்திரம் போற குளிசய விட்டுப்போட்டன். கடல்ல நிண்டுகொண்டு எத்தின தரம் எழும்பிறது? வலைய விட்டுப்போட்டு மூத்திரத்துக்கு ஓடுறன். மருமகன் றொபி வாயப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். மரியாதை போகுது."

"மத்தக் குளிசை?"

"அதுகளும் இடைக்கிட. அதுதான் தேயிலை வேலை செய்யுதே."

மஹ்ரூப் கேத்தலை இறக்கி வைத்தார். "நானும் தலை இடிச்சாத்தான் போடுறன். மனுசன் என்ன மருந்துக்கடையா?" என்று சொல்லிச் சிரித்தார். இன்னாசியும் சிரித்தார். மஹ்ரூப் இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

அடுத்த முறை சனசமூக நிலையத்தில் இன்னாசியின் பிரஷர் ஏறியிருந்தது. அஸ்னா புருவத்தைச் சுருக்கி, கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தாள். இன்னும் ஏறித்தான் இருந்தது.

"மாமா, கிளினிக் குளிசயெல்லாம் ஒழுங்காப் போடுறீங்கதானே?"

"ஓம், ஓம். ஒண்டும் விடுறேல்ல."

மஹ்ரூப் அப்போது இன்னாசிக்குப் பின்னால் தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தார். அஸ்னா அவரையும் ஒரு தரம் பார்த்தாள். வேறு எதற்காகவோ பார்த்திருக்கலாம். மஹ்ரூப் நிலத்தைப் பார்த்தார். சீமெந்து வெடித்துப் போயிருந்த ஓர் இடத்தில் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். என் மாவில் பாதியைத் தின்றதால்தான் இவனுக்கு ஏறிவிட்டது என்ற நினைப்பு ஒரு பக்கம். கூட்டாளியை ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால் காட்டிக்கொடுப்பதா என்ற கூச்சம் மறுபக்கம். இதற்கெல்லாம் வாய் திறந்து விளக்கம் சொல்ல வேண்டுமே என்ற அலுப்பு எல்லாவற்றுக்கும் மேலே. பேசாமல் நின்றுவிட்டார்.

"நாளைக்கே கிளினிக்குப் போய்க் காட்டுங்க மாமா. மறக்காதீங்க," என்றாள் அஸ்னா. இன்னாசி தலையை ஆட்டினார். போகவில்லை. காற்று நல்லாயிருந்த கிழமை அது. கூரிமீன் பட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கிழமை முடியவும் இல்லை. வெயில் ஏறத் தொடங்கிய நேரம். றொபி கடற்கரை ஒழுங்கையிலிருந்து வெறுங்காலோடு ஓடி வந்தான்.

"மஹ்ரூப் நானா! மாமா விழுந்திட்டார்! வாய் ஒரு பக்கமா இழுக்குது!"

மஹ்ரூப் அடுப்பை அணைக்கவும் நினைக்காமல் ஓடினார். அந்த உடம்போடு அவர் அப்படி ஓடி எவ்வளவோ காலம். போட்டுக்குப் பக்கத்தில் ஈரமணலில் இன்னாசி கிடந்தார். மீன்பெட்டி கவிழ்ந்து, கூரிமீன்கள் அவரைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன. வலக்கை யாருடையதோ கைபோல அவர் பக்கத்தில் கிடந்தது. கண் மட்டும் திறந்து மஹ்ரூபையே பார்த்தது. வாய் எதையோ சொல்ல எடுத்து, எச்சிலாக வடிந்தது.

ஓட்டோவில் பின்சீட்டில் குறுக்காகக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு மஹ்ரூப் புத்தளம் வரை போனார். வழிநெடுக நாக்கு தன்பாட்டில் துஆவை ஓதிக்கொண்டிருந்தது. மனம் மட்டும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது. உன் மாவைத் தின்றவன். உன் மாவைத் தின்றவன்.

பாரிசவாதம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிரஷர் தலைக்கேறி, மூளைக்குள் ரத்தக்குழாய் ஒன்று வெடித்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்று இரண்டொரு நாள் போனால்தான் சொல்லலாம்.

வார்ட்டுக்கு வெளியே ஒடுங்கிய நடைபாதையில் அல்பொன்சா செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். அழுது முடித்துவிட்டாளா, இன்னும் தொடங்கவில்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மஹ்ரூப் கொஞ்சம் தள்ளிச் சுவரில் சாய்ந்து நின்றார். உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்தால் சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டோம் என்று தோன்றியது.

"அல்பொன்சா. உங்கிட்ட ஒண்டு சொல்லோணும்."

அவள் திரும்பினாள்.

கப்சூலைக் கலந்ததைச் சொன்னார். இன்னாசி குளிசையை விட்டது தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னார். அஸ்னா கேட்டபோது பக்கத்தில் நின்றும் வாய் திறக்காமல் இருந்தது மட்டும் மிச்சமிருந்தது. அதையும் எப்படியோ சொல்லி முடித்தார்.

ஒரு தாதி மருந்துத் தட்டோடு இருவருக்கும் நடுவால் போனாள்.

"நானா, நீங்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையளா?" என்றாள் அல்பொன்சா. அதில் கோபம் இல்லை. கோபப்படவும் ஒரு சக்தி வேண்டுமே. "போத்தலக் கவிழ்த்துப் பங்கு போட்டீங்களா?"

"ஓம்."

"எனக்கும் தெரியும்." அவள் செபமாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "குளிசை விட்டது. உடுப்புத் தோய்க்கேக்க அவற்ற சேட்டுப் பைக்குள்ள கண்டனான். தண்ணியில கரைஞ்சு பிசுபிசுத்துப் போய்க் கிடந்தது. வீட்டில எனக்கு முன்னால வாயில போடுற மாதிரிப் போட்டிட்டு, பைக்குள்ள வைச்சிருக்கிறார். கேக்கோணும் எண்டுதான் நினைச்சன். கேட்டா அவர் கத்துவார், நான் கத்துவன். காலமையில இருந்து கருவாடு புரட்டி, முதுகு முறிஞ்சு கிடந்தன். நாளைக்குக் கேப்பம் எண்டு விட்டிட்டன். அடுத்த நாளும் அப்பிடித்தான்."

உன்னில் பிழை இல்லை என்று மஹ்ரூப் சொல்லப் போனார். அதைச் சொல்லத் தனக்கு என்ன தகுதி என்று நினைத்து நிறுத்திக்கொண்டார்.

"யாரில பிழை எண்டு பிறகு பாப்பம்," என்றாள் அல்பொன்சா. "இப்ப அவர் வாயத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லட்டும். என்னை ஏசினாலும் காரியமில்ல." அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

இன்னாசி பிழைத்துக்கொண்டார்.

அவர் கண் திறந்து ஆட்களை அடையாளம் காண்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று, மஹ்ரூப் தன் போத்தலை எடுத்துக்கொண்டு சனசமூக நிலையத்துக்குப் போனார். அஸ்னா தனியாக இருந்தாள். போத்தலை மேசையில் வைத்து, அல்பொன்சாவிடம் சொன்னதை அப்படியே அவளிடமும் சொன்னார். இரண்டாந் தரம் சொல்வது லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அப்படி இருக்கவில்லை.

அஸ்னாவின் முகம் சிவந்தது. "மாமா, இது வெளயாட்டா? எத்தின பேர் பாடுபட்டுச் செய்ற வேலை. உங்க ரெண்டு பேர்ட விபரத்தையும் இனி ஒண்டுக்கும் எடுக்க ஏலாது." பேனையைத் தூக்கி மேசையில் போட்டாள். பிறகு சத்தம் தணிந்தது. "அது போகட்டும். அண்டைக்கு நான் கேக்கக்குள்ள நீங்க பின்னால நிண்டீங்க. ஒரு வார்த்தை சொல்லியிரிந்தா நான் அப்பவே அவரக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரிப்பன்."

மஹ்ரூப் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "என்ட மாக் கப்சூலத் திண்டதாலயா புள்ள அவனுக்கு இப்பிடி?"

"அது எனக்குத் தெரியாது மாமா. இப்பிடி ஒருத்தருக்கு வருத்தம் கடுமையானா, அவர் எடுத்தது என்ன எண்டு டொக்டர்மார் பாப்பாங்க. தெரிஞ்சா வந்து சொல்றன்."

சொன்னபடியே வந்தாள். பகல் ஓய்ந்து கடையில் ஆளில்லாத நேரம். நஃபீஸா இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அஸ்னா உட்காராமல், குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றே சொன்னாள்.

"ரெண்டு போத்தல்லயும் ஒண்டுதான் மாமா. உங்களுக்கும் தேயிலைச் சாறுதான், அவருக்கும் தேயிலைச் சாறுதான்."

மஹ்ரூபுக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப நாங்க பங்கு போட்டது?"

"தேயிலையத் தேயிலையோட பங்கு போட்டிரிக்கீங்க."

நஃபீஸா கழுவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப எனக்கு ஏன் புள்ள குறையல்ல?"

"கிளினிக் குளிசய ஒழுங்காப் போட்டீங்களா?"

நஃபீஸா அவருக்குப் பதிலாகச் சொன்னாள். "அது அலுமாரிக்கு மேலதான் இரிக்கி மகள். தூசி புடிச்சி."

"இந்தச் சாறு குறைச்சாலும் ஒரு கொஞ்சந்தான் மாமா. அதுவும் குறைக்குதா இல்லயா எண்டு கணக்குப் பாத்து இன்னம் முடியல்ல. இன்னாசி மாமாக்கு மொதல்ல அவ்வளவு குறைஞ்சது, மாமி முன்னால நிண்டு குளிசை குடுத்த காலத்தில. அவர் அத நிப்பாட்டினார், ஏறிச்சு. அவ்வளவுதான். உங்கட கப்சூல் அவர ஒண்டும் செய்யல்ல."

அவள் போன பிறகு மஹ்ரூப் கதிரையில் உட்கார்ந்தார். தோள்மேல் இருந்த பாறை இப்போது இறங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தார். மாவைக் கொடுத்துக் கூட்டாளியை விழுத்தியவன் அவரில்லை. இரண்டு பேருக்கும் விழுந்தது ஒரே சரக்கு. அதைக் கேட்டுச் சிரிக்கவேண்டும்போலக்கூட ஒரு கணம் இருந்தது. ஆனால் பாரம் இறங்கவில்லை. தோளிலிருந்து நெஞ்சுக்கு இடம் மாறி உட்கார்ந்தது. கப்சூலின் பாரம் போனது. 'மனுசன் என்ன மருந்துக்கடையா' என்று சொல்லிச் சிரித்த சிரிப்பு போகவில்லை. எறும்பைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரமும் போகவில்லை.

நஃபீஸா உள்ளே போய் அலுமாரிக்கு மேலிருந்த குளிசைப் பையை எடுத்து வந்து, ஒரு கிளாஸ் தண்ணீரோடு பலகையில் வைத்தாள். மஹ்ரூப் ஒன்றைப் போட்டு விழுங்கினார். மறுநாளும் போட்டார்.

இன்னாசி வீட்டுக்கு வந்தபோது பாதி ஆளாகத்தான் வந்தார். வலக்கால் இழுபட்டது. வலக்கை மடியில் கிடந்தது. சொற்கள் உள்ளே முழுதாக இருந்தன, வெளியே வரும்போது உடைந்தன. போட்டை றொபி கொண்டு போனான். அல்பொன்சா விடியவே கருவாடு காயப்போடும் வாடிக்குப் போகவேண்டும். கிளினிக் நாளில் அவரை யார் கூட்டிப்போவது என்ற பேச்சு வந்தபோது, மஹ்ரூப் தானே போவதாகச் சொன்னார். அன்றைக்குக் கடையை நஃபீஸா பார்ப்பாள்.

அது லேசான காரியம் இல்லை. இன்னாசியைப் பஸ்ஸில் ஏற்றுவதே ஒரு பெரிய வேலை. கீழேயிருந்து மஹ்ரூப் தள்ள, மேலேயிருந்து கொண்டக்டர் இழுக்க, இன்னாசி இருவரையும் ஏச, பின்னால் வந்த வாகனம் ஹோன் அடிக்க, ஏறி உட்காரும்போது மூன்று பேருக்கும் மூச்சு வாங்கும். அதற்குப் பிறகு கிளினிக் வாங்கு. சுவரோரமாக ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, அசைந்து அசைந்து கதவை நோக்கிப் போவார்கள். எல்லாருக்கும் ஒரே வயிறு, ஒரே களைத்த முகம். உடப்பு ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா தூங்கித் தூங்கி மஹ்ரூபின் பக்கம் சாய்வாள், விழித்து மன்னிப்புக் கேட்பாள், மறுபடியும் சாய்வாள்.

அந்த வாங்கில் வைத்துத்தான் ஒருநாள் மஹ்ரூப் சொன்னார்.

"மச்சான், ரெண்டு போத்தல்லயும் தேயிலைதான் இரிந்திச்சாம். உன்டதும் என்டதும் ஒண்டுதானாம்."

இன்னாசி அதை மெல்ல மெல்ல உள்ளே எடுத்தார். பிறகு வாயின் ஒரு பக்கம் மேலே போனது. "அப்ப... நீ... மா... இல்ல," என்றார். தோள் குலுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து மஹ்ரூப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாதி முகம் மட்டும் சிரித்தது. மஹ்ரூபாலும் அடக்க முடியவில்லை. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் மஹ்ரூப் சொன்னார். "அண்டைக்கு அந்தப் புள்ள கேட்ட நேரம் நான் சொல்லியிரிக்கோணும். எனக்குத் தெரிஞ்சிரிந்திச்சு. வாய் திறக்கல்ல."

இன்னாசி தலையை ஆட்டினார். இல்லை என்கிறாரா, ஓம் என்கிறாரா என்று தெரியவில்லை. இடக்கையைத் தூக்கித் தன் நெஞ்சில் குத்திக்கொண்டார். "பொய்... நான். நான்... சொன்ன..." அடுத்த சொல் வரவில்லை. அதைத் தேடித் தேடிக் கண் நிறைந்தது. மஹ்ரூப் அவர் இடக்கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"விடு. விளங்குது. விடு மச்சான்."

"நீயும்... பிழைதான்," என்றார் இன்னாசி, திடீரென்று தெளிவாக.

"ஓம். நானுந்தான்."

அவர்கள் முறை வந்தது. இன்னாசிக்கு இந்த முறை பிரஷர் பரவாயில்லை. மஹ்ரூபுக்குக் கொஞ்சம் குறைந்திருந்தாலும் போதாது என்றார் டொக்டர். வயிறு அப்படியே இருக்கிறது, சீனியும் கூடுதல். இன்னொரு குளிசை சேர்த்து எழுதினார். மூத்திரம் அடிக்கடி போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். இன்னாசி மஹ்ரூபை ஓரக்கண்ணால் பார்த்தார். மஹ்ரூப் கண்டுகொள்ளாததுபோல் மருந்து எழுதிய துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கடல் பக்கத்து ஜன்னல் சீட் கிடைத்தது. பாலாவியைத் தாண்டும்போதே இன்னாசி தூங்கிவிட்டார். தலை சாய்ந்து மஹ்ரூபின் தோளில் விழுந்தது. பாரமான தலை. உப்பும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த வாசம். ஜன்னலுக்கு வெளியே தென்னைகளுக்கு மேலால் மின்சாரக் காற்றாடிகள் ஆறுதலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மஹ்ரூபின் தோள் முதலில் வலித்தது, பிறகு மரத்தது. அவருக்கும் கண் சொக்கியது. காலையிலிருந்து அலைந்த உடம்பு, இப்போதே இப்படியே தூங்கிவிடு என்று கெஞ்சியது. ஆனால் இரண்டு பேரும் தூங்கினால் இறங்கும் இடம் தப்பிவிடும். இன்னாசியை மறுபடி ஏற்ற இறக்க இன்னொரு கொண்டக்டரைத் தேட வேண்டும்.

முன் சீட்டின் கம்பியை இடக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்தபடி, மஹ்ரூப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாம்புரிக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது.